பழைய வழக்கை மூட வேண்டியது யார்? அமெரிக்க மாநிலங்களின் குற்றப்பதிவுச் சட்ட மாற்றங்கள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் ஒருவர் மேல் வழக்குப் பதிவானால், அது தள்ளுபடியானாலும் சரி, சின்ன அபராதத்தோடு முடிந்தாலும் சரி, பதிவு அங்கேயே நிற்கும். வேலைக்கு விண்ணப்பித்தாலும் வாடகை வீடு கேட்டாலும் பின்னணிச் சோதனையில் அது முன்னால் வந்து நிற்கிறது. மாநில நீதிமன்றத்தில் முடிந்த வழக்கின் பதிவை நீக்குவது அந்தந்த மாநிலத்தின் கையில். கூட்டாட்சி நீதிமன்றத் தண்டனைகளை நீக்கப் பொதுவான சட்டமே கிடையாது. ஆகவே விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

2018-ல் பென்சில்வேனியா 'கிளீன் ஸ்லேட்' சட்டத்தை இயற்றியது. பழைய சிறு தண்டனைகளை யாரும் மனுப் போடாமலேயே கணினி தேடி, பொதுமக்கள் பார்வையிலிருந்து மூடும் முறை அங்கேதான் முதலில் வந்தது. பின்னர் யூட்டா, மிச்சிகன், கலிபோர்னியா, கனெக்டிகட், டெலவேர், கொலராடோ, மினசோட்டா, நியூ யார்க் எனப் பல மாநிலங்கள் ஏதாவது ஒரு வடிவில் அந்த வழிக்கு வந்தன. மற்ற மாநிலங்களில் ஆண்டுதோறும் மசோதாக்கள் வருகின்றன. சட்டம் ஆன இடங்களில் திருத்தங்கள் வருகின்றன.

இந்த மசோதாக்கள் பற்றிய விவாதம் பெரும்பாலும் எந்தெந்தக் குற்றம் பட்டியலில் சேரும் என்பதிலேயே சுற்றுகிறது. பட்டியல் முக்கியம்தான். ஆனால் ஒரு மசோதா நல்லதா வெற்றுக் காகிதமா என்பதை வேறு மூன்று கேள்விகள் தீர்மானிக்கின்றன. காகிதத்தை நகர்த்துவது தண்டிக்கப்பட்டவரா, அரசா? காத்திருப்புக் காலம் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது? நீதிமன்றம் மூடிய பிறகு தனியார் நிறுவனங்கள் ஏற்கெனவே வாங்கி வைத்த நகல் என்னவாகும்? குடியுரிமை இல்லாதவருக்கு நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அது மற்ற மூன்றையும் விடப் பெரியது, பின்னால் வருகிறேன்.

மனு வழியும் தானியங்கி வழியும்

மிச்சிகனை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வழிகளும் அங்கே அருகருகே இருக்கின்றன; மனு வழி எப்படி நடந்தது என்பதற்கு நல்ல ஆய்வும் இருக்கிறது.

மனுவுக்கு முதலில் தண்டனை விதித்த நீதிமன்றத்தில் சான்றொப்பமிட்ட தீர்ப்பு நகல் வாங்க வேண்டும். போலீஸ் நிலையத்தில் கைரேகை அட்டை எடுக்க வேண்டும். படிவத்தை நிரப்பி, 50 டாலர் மாநிலப் போலீஸ் கட்டணத்தோடு அதே நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மாநில அட்டர்னி ஜெனரலுக்கும் வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞருக்கும் நகல் அனுப்ப வேண்டும். மாநிலப் போலீஸின் அறிக்கை வரும் வரை காத்திருந்து, பிறகு விசாரணைக்குப் போக வேண்டும். இரண்டு கவுன்ட்டிகளில் இரண்டு தண்டனை என்றால் இரண்டு நீதிமன்றங்களிலும் தனித்தனியாக இதே சுற்று. மனு நிராகரிக்கப்பட்டால், நீதிபதி வேறுவிதமாகச் சொல்லாதவரை, மறு மனுவுக்கு மூன்று ஆண்டு ஆகும்.

ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர்கள் ஜே.ஜே. பிரெஸ்காட்டும் சோன்யா ஸ்டாரும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தகுதி பெற்றவர்களில் 6.5 சதவீதம் பேர்தான் ஐந்து ஆண்டுக்குள் பதிவை நீக்கிக்கொண்டார்கள். மற்றவர்களை நீதிபதிகள் நிராகரித்ததாக எண்ண வேண்டாம்; பெரும்பாலோர் மனுவே போடவில்லை. தகுதி இருப்பது தெரியாது, வக்கீல் இல்லை, கட்டணம், மறுபடி நீதிமன்ற வாசலை மிதிக்கும் வெறுப்பு என்று காரணங்கள் பல. நீக்கிக்கொண்டவர்களின் சம்பளமோ ஓராண்டுக்குள் 22 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. அவர்கள் மறுபடி குற்றத்தில் சிக்கிய விகிதமும் மிகக் குறைவு. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும்: இவ்வளவு அலைச்சலையும் தாங்கி மனுப் போட்டவர்கள் பொதுவாகவே ஒழுங்கும் முனைப்பும் உள்ளவர்களாக இருந்திருப்பார்கள். கணினி எல்லோருக்கும் மூடிவிடும்போது அதே அளவு சம்பள உயர்வு எல்லோருக்கும் வரும் என்று கணக்குப் போடக் கூடாது.

அந்த ஆண்டே மிச்சிகன் சட்டத்தை மாற்றியது. மனு வழியின் வாசல் 2021 ஏப்ரலில் அகலமானது: மூன்று ஃபெலனி (கடும் குற்றம்) வரை, மிஸ்டிமீனர் (சிறு குற்றம்) எத்தனையானாலும் கேட்கலாம். 24 மணி நேரத்துக்குள் ஒரே நிகழ்விலிருந்து கிளைத்த குற்றங்களை ஒன்றாக எண்ணும் விதியும் வந்தது. தாக்குதல், ஆயுதம், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் ஆகியவை அதில் சேராது. ஒரே இரவில் போலீஸ் நான்கு பிரிவுகளில் வழக்குப் போட்டவருக்கு இந்த ஒரு விதி, தகுதி உண்டா இல்லையா என்பதையே மாற்றிவிடும். வேறு மாநிலத்து மசோதாக்களைப் படிக்கும்போது இப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பல வரைவுகளில் இருக்காது.

தானியங்கி வழி 2023 ஏப்ரல் 11-ல் தொடங்கியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரின் சில தண்டனைகளாவது அதில் நீங்கும் என்று அரசு கணக்கிட்டது. மனு வழியில் பல தலைமுறை ஆகியிருக்கும்.

ஆனால் கணினிக்குத் தரவு வேண்டும், சிக்கல் அங்கேதான். நீதிமன்றத்தில் வழக்கு எண் இருக்கும். போலீஸிடம் கைரேகையோடு கட்டிய அடையாள எண் இருக்கும். இரண்டையும் பொருத்த வேண்டும். பழைய பதிவுகளில் கைது இருக்கும், முடிவு இருக்காது. குற்றம் எந்தத் தரம் என்ற கட்டம் காலியாக இருக்கும். அந்தக் கட்டம் காலியானால் கணினி அந்த வழக்கை எடுக்காது, ஏன் எடுக்கவில்லை என்று உங்களுக்குக் கடிதமும் வராது. வர்ஜீனியா 2021-ல் சட்டத்தை நிறைவேற்றி, நடைமுறைக்கு 2025 ஜூலை வரை அவகாசம் கொடுத்தது. பிறகு அதையும் 2026 ஜூலைக்குத் தள்ளியது. கனெக்டிகட்டில் 2023 தொடக்கத்தில் ஆரம்பிக்க வேண்டியது ஏறத்தாழ ஓராண்டு தாமதம். தானியங்கி என்று எழுதிவிட்டு, நீதிமன்றக் கணினியைச் சீர்செய்யப் பணம் ஒதுக்காத மசோதாவை நம்ப வேண்டாம்.

பெயர்ப் பொருத்தத்தில் தமிழர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதற்பெயர் தெரியாது) என்று அச்சாகிறது. ஓட்டுநர் உரிமத்தில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிறது. கைது செய்த காவலர் இரண்டையும் மாற்றி எழுதியிருப்பார். ஒரே ஆளின் பதிவு மூன்று பெயர்களில் கிடந்தால் கணினிக்கு அவர் மூன்று பேர். இப்படிப்பட்டவர்கள் தானியங்கி மாநிலத்தில் வாழ்ந்தாலும், காலம் முடிந்ததும் பதிவு உண்மையில் மூடியதா என்று தாங்களே பார்த்துவிடுவது நல்லது. மிச்சிகனில் மாநிலப் போலீஸின் இணையத் தேடலுக்கு 10 டாலர், எஃப்.பி.ஐ.யிடம் கைரேகை கொடுத்துத் தன் பதிவைத் தானே பெற 18 டாலர். பென்சில்வேனியாவில் நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகவே வழக்கைத் தேடலாம்.

மனு வழியை மட்டும் அகலமாக்கிவிட்டு, அதை முடித்துக்கொடுக்க ஆள் போடாத மாநிலத்தின் கதைக்கு நியூ ஜெர்சி. 2019 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் தாக்கல் கட்டணத்தை ஒழித்தது. பத்தாண்டு சுத்தமாக இருந்தவர் தம் பழைய பதிவு முழுவதையும் ஒரே மனுவில் நீக்கக் கேட்கலாம் என்றது. மனுக்கள் குவிந்தன. நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். உத்தரவை நிறைவேற்ற வேண்டிய மாநிலப் போலீஸிடம் அவை தேங்கின. நீதிபதி நீக்கச் சொன்ன பதிவு மாதக்கணக்கில் பின்னணிச் சோதனைகளில் வந்துகொண்டே இருந்தது. 2023-ல் வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் மாநிலத்தின் பொது வாதாடுநர் அலுவலகமே போலீஸ் மேல் வழக்குப் போட வேண்டியதாயிற்று. ஆகவே மசோதாவில் 'உத்தரவு கிடைத்த இத்தனை நாளுக்குள் பதிவை நீக்க வேண்டும்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

காத்திருப்புக் காலம் எங்கே தொடங்குகிறது

ஐந்து ஆண்டா, ஏழு ஆண்டா, பத்து ஆண்டா என்பதுதான் சட்டமன்றங்களில் சூடான வாக்குவாதம். பென்சில்வேனியா முதலில் மிஸ்டிமீனருக்கு 10 ஆண்டு வைத்தது. 2023 டிசம்பர் சட்டம் அதை 7 ஆக்கியது, மிகச் சிறு குற்றங்களுக்கு 5, சில போதைப்பொருள் ஃபெலனிகளுக்கு 10. நியூ யார்க் மிஸ்டிமீனருக்கு 3, ஃபெலனிக்கு 8. ஆய்வுப் பக்கம் பார்த்தால், ஆல்ஃபிரட் புளூம்ஸ்டீனும் கிமினோரி நாகமுராவும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, முதல் கைதுக்குப் பின் ஒருவர் மறுபடி சிக்காமல் ஏறத்தாழ நான்கு முதல் எட்டு ஆண்டு இருந்துவிட்டால், குற்றத்தையும் வயதையும் பொறுத்து, அவர் கைதாகும் வாய்ப்பு அதே வயதுப் பொதுமக்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று காட்டியது. பத்தாண்டுக்கு மேல் கேட்கும் மசோதா அந்தத் தரவை மீறிக் கேட்கிறது.

எண்ணைவிடத் தொடக்க நாள் முக்கியம். மிச்சிகன் தானியங்கி வழியில் மிஸ்டிமீனருக்கு ஏழு ஆண்டு, தண்டனை விதித்த நாளிலிருந்து. மனு வழியில் மூன்று ஆண்டு, ஆனால் புரொபேஷனும் (நன்னடத்தைக் கண்காணிப்புக் காலம்) முடிந்த நாளிலிருந்து. ஒருவருக்கு இரண்டு ஆண்டு புரொபேஷன் என்று வைத்துக்கொள்வோம். மனுப் போட்டால் தீர்ப்பிலிருந்து ஐந்தாம் ஆண்டு முடிவில் தகுதி. சும்மா இருந்தால் ஏழாம் ஆண்டு. இரண்டு ஆண்டு முந்த 50 டாலரும் சில அரை நாள் அலைச்சலும். வேலை மாறும் திட்டம் உள்ளவர் மனுப் போட வேண்டும். வேலை நிலையாக இருப்பவர் காத்திருக்கலாம். இந்தச் சின்னக் கணக்கைப் போடாமல் 'தானாக நீங்கிவிடும்' என்ற செய்தியை மட்டும் கேட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் காத்திருப்பதே வீண். மிச்சிகனில் அப்படிப்பட்ட முதல் தண்டனையை 2022 பிப்ரவரியிலிருந்து மனு வழியில் நீக்கக் கேட்கலாம். தானியங்கி வழியில் அது வராது. எத்தனை ஆண்டு பொறுத்தாலும் வராது.

அடுத்தது பாக்கி. பென்சில்வேனியாவின் 2018 சட்டம் நீதிமன்றக் கட்டணமும் அபராதமும் முழுக்கக் கட்டியவர்களுக்கே என்றது. பத்தாண்டு ஒழுங்காக இருந்தவர்கள் சில நூறு டாலர் பாக்கியால் வரிசையிலிருந்து விழுந்தார்கள். பலருக்குப் பாக்கி இருப்பதே தெரியாது. கணினி கருணையும் காட்டாது, கேட்டும் பார்க்காது. 2020-ல் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டிய இழப்பீடு மட்டும் கட்டாயமாக இருந்தது. இந்தப் பிரிப்பு சரியானது என்பது என் கருத்து. அரசுக்குத் தர வேண்டிய கட்டணம் ஒன்று, அடிபட்டவருக்குத் தர வேண்டிய பணம் வேறு ஒன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் மசோதா யோசிக்காமல் எழுதியது. நியூ ஜெர்சி வேறு வழி பிடித்தது: பாக்கி சிவில் கடனாக மாறும், பதிவு நீங்கும். பணம் வசூலிக்கும் உரிமையை அரசு இழக்கவில்லை, ஆனால் வேலை கிடைக்காமல் கடனைக் கட்டச் சொல்லும் அபத்தம் ஒழிந்தது.

அழிப்பதா, மூடி வைப்பதா

சில மாநிலங்களில் பதிவு உண்மையில் அழிக்கப்படுகிறது. டெக்சாஸில் 'எக்ஸ்பங்ஷன்' அப்படி. ஆனால் அது தண்டனை பெற்றவருக்குப் பெரும்பாலும் கிடையாது. கைதாகி வழக்கு நடக்காதவர், விடுதலையானவர் போன்றோருக்கு. வழக்கே போடாத கைதுக்கும் குற்றத்தின் தரத்தைப் பொறுத்து 180 நாள், ஓராண்டு, மூன்றாண்டு எனக் காத்திருப்பு உண்டு. நீதிபதி தீர்ப்பை ஒத்திவைத்து நன்னடத்தையில் முடித்த வழக்குகளுக்கு அங்கே கிடைப்பது வெளியிடத் தடை மட்டும். நியூ யார்க்கின் கிளீன் ஸ்லேட் சட்டமும் அழிப்பதில்லை, மூடுகிறது: 2023 நவம்பர் 16-ல் கையெழுத்தாகி ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது, நீதிமன்ற நிர்வாகத்துக்கு 2027 நவம்பர் வரை அவகாசம். பாலியல் குற்றங்களும், போதைப்பொருள் தவிர்த்த 'ஏ' வகுப்பு ஃபெலனிகளும் சேரா. போலீஸ், அரசு வழக்கறிஞர், குழந்தைகளோடும் முதியோரோடும் பணிபுரிய ஆள் எடுக்கும் இடங்கள் கைரேகைச் சோதனையில் தொடர்ந்து பார்க்கலாம். கலிபோர்னியாவிலும் தள்ளுபடி செய்யப்பட்ட தண்டனையை அரசுப் பதவிக்கும் தொழில் உரிமத்துக்கும் கேட்கும்போது சொல்ல வேண்டியிருக்கும்.

அழிப்பதுதான் உயர்ந்த நிவாரணம், மூடுவது அரைகுறை என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஐயம் எழும்போது 'அது நான் இல்லை' அல்லது 'அது தள்ளுபடியானது' என்று நிரூபிக்க ஒரு காகிதம் தேவைப்படும். அழித்த பிறகு அந்தக் காகிதம் எங்கும் இருக்காது.

மூடுவதோ அழிப்பதோ, தனியார் நகல் இருந்தால் இரண்டும் வீண். பின்னணிச் சோதனை நிறுவனங்கள் நீதிமன்றத் தரவை மொத்தமாக விலைக்கு வாங்கித் தங்கள் சேமிப்பில் வைத்திருக்கின்றன. நீதிமன்றம் மூடினாலும் போன ஆண்டு வாங்கிய கோப்பில் அது கிடக்கும். பென்சில்வேனியா நீதிமன்ற நிர்வாகம் இதற்கு உருப்படியான விடை வைத்திருக்கிறது: மொத்தத் தரவு வாங்குவோருக்கு நீக்கப்பட்ட வழக்குகளின் கோப்பை அவ்வப்போது அனுப்புகிறது, வாங்குவோர் அவற்றைத் தங்கள் சேமிப்பிலிருந்தும் எடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. மற்ற மாநிலங்களின் வரைவுகளில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

அது இல்லாத மாநிலத்தில் கூட்டாட்சிச் சட்டம் ஓரளவு கைகொடுக்கும். 'ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங்' சட்டப்படி, தண்டனையில் முடியாத கைதுகளை ஏழு ஆண்டுக்குப் பின் பெரும்பாலான அறிக்கைகளில் காட்டக் கூடாது. தண்டனைகளுக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. தவறான தகவலை மறுத்தால் 30 நாளுக்குள் விசாரித்துத் திருத்த வேண்டும். நடைமுறையில் செய்ய வேண்டியது: வேலை மறுக்கப்பட்டால் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், மூடியதற்கான உத்தரவின் நகலை இணைத்து எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்வதற்குச் சாட்சி இருக்காது.

மறைப்பது எதிர்விளைவு தரும் என்றும் ஒரு சாரார் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் குற்றப்பதிவுக் கேள்வியைத் தடை செய்த பிறகு, நியூ ஜெர்சியிலும் நியூ யார்க் நகரத்திலும் வெள்ளையருக்கும் கருப்பினத்தவருக்கும் வந்த நேர்காணல் அழைப்புகளின் இடைவெளி 7 சதவீதத்திலிருந்து 43 ஆக விரிந்தது என்று அமாண்டா ஏகனும் சோன்யா ஸ்டாரும் கண்டார்கள். தகவல் தெரியாதபோது முதலாளிகள் இனத்தைப் பார்த்து ஊகிக்கிறார்கள். ஆனால் அந்தத் தடை தகவலைத் தள்ளிப்போடுகிறது. பதிவை மூடுவது சோதனையே சுத்தமாக வரச் செய்கிறது. சோதித்துப் பார்க்க முடியும் என்ற நிலை இருக்கும்வரை ஊகிக்க வேண்டிய தேவை குறையும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியல்ல.

குடியுரிமை இல்லாதவருக்கு: மாநிலச் சட்டம் எட்டாத இடம்

எச்-1பி, எஃப்-1, கிரீன் கார்டு வைத்திருக்கும் தமிழர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மேலே சொன்ன எந்த வழியும் குடியேற்ற விவகாரத்தில் உங்களைக் காப்பாற்றாது. 1996-ல் நாடாளுமன்றம் 'தண்டனை' என்பதற்குக் குடியேற்றச் சட்டத்தில் தனி வரையறை எழுதியது. குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்தால் அது தண்டனை. பிறகு மாநிலம் அதை நீக்கினாலும் அப்படியே நிற்கும். 1999-ல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் இதை உறுதிசெய்தது. நல்லொழுக்கத்துக்காக, காலம் கழிந்ததற்காக, புதுச் சட்டத்துக்காக நீக்கியது செல்லாது.

டெக்சாஸில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தீர்ப்பு ஒத்திவைப்பில் முடிந்தால், மாநிலக் கண்ணில் தண்டனை இல்லை. குடியேற்றக் கண்ணில் தண்டனை. ஒப்புதலே இல்லாமல், விசாரணைக்கு முன்பே வழக்குக்கு மாற்றான திட்டத்தில் சேர்ந்து வழக்கு தள்ளுபடியானால் நிலைமை வேறு. கைதான முதல் வாரத்தில் வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பத்தாண்டு கழித்துப் பதிவு நீக்கும் மனுவில் கேட்டால் காலம் போய்விட்டது.

குடியுரிமைப் படிவமும் நிரந்தர வசிப்புப் படிவமும் மூடிய, நீக்கிய பதிவுகளையும் சொல்லச் சொல்கின்றன. விசாவுக்கான டிஎஸ்-160 படிவம் கைதானது உண்டா என்று கேட்கிறது, மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்ல வேண்டும். மாநிலச் சட்டம் 'இனி இல்லை என்று பதில் சொல்லலாம்' என்று சொன்னதை நம்பி இங்கே 'இல்லை' என்று எழுதினால், பழைய சின்னக் குற்றத்தை விட அந்தப் பொய் பெரிய பிரச்சினையாகும். கைரேகை எஃப்.பி.ஐ.யிடம் ஏற்கெனவே போயிருக்கும். குடித்துவிட்டு ஓட்டிக் கைதானாலே, வழக்கு முடியும் முன்பே, விசாவை வெளியுறவுத் துறை ரத்து செய்யும் வழக்கமும் உண்டு.

குடியேற்றத்தில் செல்லுபடியாகும் வழி, தண்டனையையே சட்டப் பிழையின் பேரில் ரத்து செய்வது. அதே மேல்முறையீட்டு வாரியத்தின் 2003-ன் பிக்கரிங் தீர்ப்பு இந்தக் கோட்டைப் போட்டது: நடைமுறைப் பிழையோ சட்டப் பிழையோ காரணமானால் செல்லும், இரக்கம் காரணமானால் செல்லாது. வக்கீல் நாடுகடத்தல் விளைவைச் சொல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தார் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2010-ன் படீயா தீர்ப்புக்குப் பின் ஏற்கப்படும் பிழை. கலிபோர்னியா இதற்கென்றே 2017-லிருந்து ஒரு பிரிவை வைத்திருக்கிறது. புரொபேஷன் முடிந்து சிறையிலும் இல்லாதவர்கூடக் கேட்கலாம். மற்ற மாநிலங்களில் காலக்கெடு கறாராக இருக்கும். மனுவில் என்ன காரணம் எழுதப்படுகிறது, நீதிபதி உத்தரவில் எந்தக் காரணத்தைக் குறிப்பிடுகிறார் என்பதில்தான் எல்லாம். 'மனுதாரர் திருந்திவிட்டார்' என்று ஒரு வரி உத்தரவில் விழுந்தால் செய்தது கெட்டது.

ஆளுநர் மன்னிப்பு சில வகை நாடுகடத்தல் காரணங்களை நீக்கும். போதைப்பொருள் காரணத்தை நீக்காது. மேரிலாந்து ஆளுநர் 2024 ஜூனில் ஒரே நாளில் 1,75,000-க்கு மேற்பட்ட கஞ்சாத் தண்டனைகளுக்கு மன்னிப்பு அளித்தபோது, குடியுரிமை இல்லாதவர்கள் பலர் தங்கள் சிக்கலும் தீர்ந்தது என்று எண்ணியிருக்கலாம். குடியேற்றக் கணக்கில் அந்தத் தண்டனை அப்படியே நிற்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது

மசோதாவை ஆதரிக்கலாமா என்று யோசிப்பவர், தானியங்கி வழியும் மனு வழியும் இரண்டும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றை மட்டும் தரும் மசோதாவில் தானியங்கி வழி மேல், கணினிக்கும் ஆளுக்கும் நிதி ஒதுக்கியிருந்தால். நிதி இல்லையென்றால் கட்டணமில்லாத, பாக்கியைத் தடையாக்காத, நிறைவேற்றக் கெடு வைத்த மனு வழியே மேல். குற்றப்பட்டியல் சற்றுக் குறுகியிருந்தாலும் இந்த மூன்றும் உள்ள மசோதாவை, பட்டியல் நீண்டு இவை இல்லாத மசோதாவுக்கு மேலாக வைப்பேன். பட்டியலை அடுத்த ஆண்டு திருத்தத்தில் நீட்டலாம். பென்சில்வேனியா அப்படித்தான் 2018, 2020, 2023 என்று மூன்று தடவையாக வந்தது. பதிவை அழிக்கும் மசோதாவாக இருந்தால், பதிவுக்குரியவர் மட்டும் சான்றொப்பமிட்ட நகல் பெறும் உரிமையைச் சேர்க்கச் சொல்லுங்கள். குடியேறியவர்கள் சார்பில் பேசும் அமைப்புகள் கேட்க வேண்டிய திருத்தம் அதுவே.

சொந்தப் பதிவு உள்ள அமெரிக்கக் குடிமகன், காத்திருப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்து, முந்தும் வாய்ப்பு ஓராண்டுக்கு மேல் என்றால் மனுப் போடலாம். குறைந்தால் பொறுத்து, காலம் முடிந்த அடுத்த மாதமே பதிவைத் தேடிப் பார்க்கலாம்.

குடியுரிமை இல்லாதவர் எந்த மனுவிலும் கையெழுத்திடும் முன் குற்றவியல் வக்கீலோடு குடியேற்ற வக்கீலையும் பார்க்க வேண்டும். ஒருவரே இரண்டும் தெரிந்தவராக இருப்பது அரிது. பதிவு நீங்குவதற்கு முன்பே குற்றச்சாட்டுப் பத்திரம், ஒப்புதல் படிவம், தீர்ப்பு, புரொபேஷன் முடிந்ததற்கான சான்று ஆகிய நான்கின் சான்றொப்பமிட்ட நகல்களை மூன்று தொகுதியாக வாங்கி வையுங்கள்: ஒன்று கிரீன் கார்டு மனுவுக்கு, ஒன்று குடியுரிமை மனுவுக்கு, ஒன்று கைவசம். அழித்த பிறகு நீதிமன்ற எழுத்தர் தரக்கூடியது 'பதிவு எதுவும் இல்லை' என்ற கடிதம் மட்டும். குடியேற்ற அதிகாரி வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்கும்போது அந்தக் கடிதம் கேள்விக்குப் பதிலாகாது.